இழப்பில் விளைந்த எழுத்து: வ.உ.சி.யின் வாழ்வு

கூத்தாநல்லூர் கடலோரத்து ஊரன்று. ஆயினும் கடலால் வளம் பெற்ற ஊர். நெல்வயல்கள் சூழ்ந்த இவ்வூரின் வணிகர்கள் நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் சென்று பொருளீட்டினர். 'சின்னச் சிங்கப்பூர்' என்னும் பெயர் இவ்வூருக்கு வாய்த்தது அதனாலேயே. தமிழகத்துக்கும் மலாயாவுக்கும் இடையே நெடுங்காலம் ஓடிய 'ரஜூலா' கப்பல் பிரிட்டிஷ் இந்தியா நீராவிக் கப்பல் நிறுவனத்துக்கு உரியது. கப்பலென்றால் வெள்ளையர் கப்பலே என்றிருந்த காலம் அது. அந்நிறுவனத்தை எதிர்த்து 1906ஆம் ஆண்டிலேயே கடல் வணிகத்தில் இறங்கிய தமிழர் வ.உ. சிதம்பரம் பிள்ளை. அவரது வெற்றியை நாடறியும். தோல்விக்குப் பின் அவர் வாழ்ந்த வாழ்வோ அத்துணை பேசப்படுவதில்லை. கற்பதற்குரியவை பல அவ்வாழ்விலேதான் உள்ளன.

1872 செப்டம்பர் 5ஆம் நாள் ஒட்டப்பிடாரத்தில் வழக்கறிஞர் உலகநாத பிள்ளையின் மகனாகத் தோன்றிய சிதம்பரனார், தாமும் வழக்கறிஞராகித் தூத்துக்குடியில் புகழும் பொருளும் ஈட்டினார். தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடைப்பட்ட கடல் வணிகம் முழுவதும் அயலார் கையில் இருப்பதைக் கண்டு, 1906 அக்டோபரில் சுதேசிக் கப்பல் நிறுவனத்தைப் பதிவு செய்தார். மூலதனம் பத்து இலட்சம் ரூபாய். பங்கொன்றுக்கு 25 ரூபாயாக 40,000 பங்குகள். மதுரையில் தமிழ்ச் சங்கம் கண்ட வள்ளல் பாண்டித்துரைத் தேவர் தலைவரானார். ஹாஜி முகமது பக்கீர் சேட் இரண்டு இலட்சம் ரூபாய்க்குப் பங்குகளை ஏற்றார். தமிழ்ப் புரவலரும் இசுலாமிய வணிகரும் ஒரு கப்பலுக்காகக் கைகோத்த காட்சி அது. வாடகைக் கப்பல் தந்தவர்கள் அயலாரின் அச்சுறுத்தலால் பின்வாங்கியபோதும் சிதம்பரனார் சோரவில்லை. பம்பாய் சென்று சொந்தக் கப்பலுக்கு வழி தேடினார். 1907இல் 'காலியா', 'லாவோ' என்னும் கப்பல்கள் தூத்துக்குடிக்கு வந்து சேர்ந்தன.

பிரிட்டிஷ் நிறுவனம் கட்டணத்தைக் குறைத்தது. பின்னர்ப் பயணத்தை இலவசமாக்கிப் பயணிகளுக்குக் குடையும் கொடுத்தது என்பர். பெருமுதல் உடையவர் ஆண்டுக்கணக்கில் இழப்பைத் தாங்கலாம். சிறு பங்குகளால் எழுந்த நிறுவனம் எத்தனை நாள் தாங்கும்? ஒருபுறம் இந்நெருக்கடி, மறுபுறம் சிதம்பரனார் அரசியலைத் துறக்க வேண்டுமென நிறுவனத்துக்குள்ளேயே எழுந்த வற்புறுத்தல். அவர் துறக்கவில்லை. 1908 தொடக்கத்தில் கோரல் ஆலைத் தொழிலாளரின் வேலை நிறுத்தத்துக்குத் துணை நின்று அவர்களுக்கு ஊதிய உயர்வு பெற்றுத் தந்தார். மார்ச் 12ஆம் நாள் சுப்பிரமணிய சிவாவுடன் கைதானார். மறுநாள் நெல்லை கொந்தளித்தது. துப்பாக்கிச் சூட்டில் நால்வர் மாண்டனர். சூலைத் திங்களில் நீதிபதி பின்ஹே இரட்டை ஆயுள் தண்டனை விதித்தார். மேல்முறையீட்டில் தண்டனை குறைந்தபோதிலும், தீர்ப்பைக் கேட்ட தம்பி மீனாட்சிசுந்தரத்தின் மனநலம் சிதைந்தது. அது வாணாளெல்லாம் ஆறாத புண்ணாயிற்று.

கோவைச் சிறையில் அவர் செக்கிழுத்தார். அவர் சிறைக்குள் இருந்தபோதே, 1911இல், நிறுவனம் கலைக்கப்பட்டது. எந்த நிறுவனத்தை எதிர்த்து வாங்கப்பட்டதோ அந்நிறுவனத்துக்கே கப்பல் விற்கப்பட்டது என்பர். தொழில் முனைவோர் எண்ணிப் பார்க்க வேண்டிய இடம் இது. ஆயிரமாயிரம் பங்குகள் இருந்தும் நிறுவனம் ஒருவருடைய தோள்மீதே நின்றது. அத்தோள் விலங்கு பூண்டதும் சாய்ந்தது. பலர் பணம் தந்தனர். இடரைப் பகிர்ந்தவரோ சிலர்.

எல்லாம் இழந்தவர் என்ன செய்தார்? எழுதினார். ஜேம்ஸ் ஆலன் என்னும் ஆங்கிலேய எழுத்தாளரின் நூலைத் தமிழாக்கினார். அது 'மனம்போல வாழ்வு' என 1909இல் வெளிவந்தது. மனிதனின் நிலைக்கு அவன் உள்ளமே வித்து என்பது அந்நூலின் சாரம். அரசாலும் அயலாராலும் தம்மவராலும் வீழ்த்தப்பட்ட ஒருவர், பழியைப் பிறர்மேல் சுமத்த எல்லாக் காரணமும் இருந்தும், தம் உள்ளத்தைத் திருத்தும் நூலைத் தேர்ந்தார். கண்ணனூர்ச் சிறையில் உடனிருந்த கைதிகள் அறவுரை கேட்க, அவர்களுக்குக் கூறியவற்றிலிருந்து 125 அதிகாரங்கள் கொண்ட 'மெய்யறம்' பிறந்தது. தம் வரலாற்றை அகவற்பாவில் பாடினார். அவர் மறைந்து பத்தாண்டுக்குப் பின், 1946இல், அது நூலாயிற்று.

1912 டிசம்பரில் விடுதலை பெற்றபோது வரவேற்கத் திரண்ட கூட்டமில்லை. தொழுநோயுற்ற சிவா உள்ளிட்ட ஒரு சிலரே வந்திருந்தனர். வழக்கறிஞர் உரிமமும் போயிற்று. கப்பல் ஓட்டியவர் சென்னையில் கடை வைத்துப் பிழைக்க முயன்றார், அதுவும் நிலைக்கவில்லை. அவ்வறுமையிலும் 1917இல் திருக்குறள் அறத்துப்பாலுக்கு மணக்குடவர் உரையைப் பதிப்பித்தார்; 1928இல் தொல்காப்பிய எழுத்ததிகாரத்தை இளம்பூரணர் உரையுடன் வெளியிட்டார். ஏடு தேடுதலும் பாடம் ஒப்பிடுதலும் பொருள் வரவில்லாப் பணி. முதலுக்கு இலாபம் கேளாத அத்தொழிலில் அவர் நட்டமடையவில்லை.

இழந்த உரிமம் மீளத் துணை நின்றவர் வாலஸ் என்னும் ஆங்கிலேய நீதிபதி. அவர் நினைவாகச் சிதம்பரனார் தம் மகனுக்கு வாலேசுவரன் எனப் பெயரிட்டார். ஆங்கிலேயர் ஆட்சியால் செக்கிழுத்தவர் ஆங்கிலேயர் ஒருவரின் நூலைத் தமிழுக்குத் தந்தார். இன்னொருவரின் பெயரைத் தம் இல்லத்தில் வைத்தார். அவர் பகைத்தது ஆட்சியை, மனிதரை அன்று.

இறுதிக் காலத்தில் எழுதிய உயிலில், கடைகளுக்குத் தாம் தர வேண்டிய கடன்களையும் குறித்து வைத்தார். பத்து இலட்சம் மூலதனத்தில் கப்பல் நிறுவனம் கண்டவர், மளிகைக் கடன் தீரவில்லையே என்னும் கவலையோடு 1936 நவம்பர் 18ஆம் நாள் தூத்துக்குடியில் கண்மூடினார். தாம் பிறருக்குப் பட்ட கடனை மறவாமல் எழுதி வைத்த வணிகர் அவர்.

இன்று தூத்துக்குடித் துறைமுகம் அவர் பெயர் தாங்கி நிற்கிறது. கப்பல்கள் வரும், போகும். அவர் பதிப்பித்த தொல்காப்பியமோ தமிழ் கற்போர் கையில் இருக்கிறது. பெருஞ்செல்வம் திரட்டிய கடல்வழி வணிகர் பலர் உண்டு. கைப்பொருள் முழுதும் கடலில் போன பின்னும் தமிழுக்குக் கொடுக்கத் தம்மிடம் மிச்சம் வைத்திருந்தவர் சிதம்பரனார்.