அவர் கேட்காத சிக்னல்

மேலூர் மொட்டை மாடியில் ஆன்டெனாவைத் திருப்பித் திருப்பி, லேப்டாப்பில் சாட்டிலைட் டெலிமெட்ரியை டிகோட் பண்ணுற நண்பா, விக்ரம் சாராபாயைத் தெரியும்தானே? 1919-ல் அகமதாபாத் மில் முதலாளி வீட்டில் பிறந்தவர். பெங்களூரில் சி.வி. ராமனிடம் காஸ்மிக் கதிர் ஆய்வு செய்தார். காந்த நடுக்கோட்டுக்குப் பக்கம் என்பதால் தும்பாவில் ஏவுதளம் அமைத்தார். 1963 நவம்பர் 21-ல் அங்கே கிளம்பிய முதல் ராக்கெட் வானத்தில் சோடியம் ஆவியைக் கக்கியது. அந்த மேகம் நகர்வதைப் படமெடுத்தே மேல்வானக் காற்றை அளந்தார்கள். (வானமே டிஸ்பிளே!) பிறகு சாட்டிலைட் கட்டும் பொறுப்பை யு.ஆர். ராவிடம் கொடுத்தார். 1971 டிசம்பர் 30, கோவளத்தில் காலமானார், வயசு 52தான். ஆர்யபட்டா மேலே போனது 1975 ஏப்ரல் 19. அதோட சிக்னலை அவர் கேட்கவே இல்லை. 2005-ல் அமெச்சூர்களுக்காகவே இஸ்ரோ அனுப்பிய ஹாம்சாட்டையும்.