கென்ரிக் ஆல்ட்சுல்லர்

கென்ரிக் ஆல்ட்சுல்லர் (அக்டோபர் 15, 1926 - செப்டம்பர் 24, 1998) ஒரு சோவியத் பொறியாளரும் அறிபுனை எழுத்தாளரும் ஆவார். புத்தாக்கச் சிக்கல்களைத் தீர்க்கும் 'டிரிஸ்' கோட்பாட்டை உருவாக்கியவர் இவரே.

வாழ்க்கை

தாஷ்கந்து நகரில் பிறந்த இவர் பாக்கூவில் வளர்ந்தார். காஸ்பியன் கடற்படையில் புத்தாக்குநர்களுக்கு உதவும் பணியில் இருந்தபோது, 1946 முதல் காப்புரிமை ஆவணங்களை ஆராயத் தொடங்கினார். 1948 இல் நண்பர் ரஃபாயேல் ஷப்பீரோவுடன் சேர்ந்து, நாட்டில் புத்தாக்கம் நலிந்திருப்பதைச் சுட்டிக்காட்டி ஸ்டாலினுக்குக் கடிதம் எழுதினார். 1950 இல் கைது செய்யப்பட்டு, 25 ஆண்டுத் தண்டனை பெற்று, வர்க்கூத்தா கட்டாய உழைப்பு முகாமுக்கு அனுப்பப்பட்டார். ஸ்டாலின் மறைவுக்குப் பின் 1954 இல் விடுதலையானார். 1956 இல் இருவரும் தம் முறையைப் பற்றிய முதற் கட்டுரையை வெளியிட்டனர். கென்ரிக் ஆல்த்தோவ் என்னும் புனைபெயரில் அறிபுனைகளும் எழுதினார். பெத்ரோசவோத்ஸ்க் நகரில் காலமானார்.

கோட்பாடு

ஒரு பண்பை மேம்படுத்தினால் மற்றொன்று கெடும் முரண்பாடே சிக்கலின் வேர் என்றார். எடுத்துக்காட்டாக, வலிமையைக் கூட்டினால் எடையும் கூடும். இம்முரண்பாடுகளை இணக்கமின்றித் தீர்க்க 40 நெறிகளை வகுத்தார்.

எதிர்வுகூறல்

தொழில்நுட்பங்கள் தோற்றம், வளர்ச்சி, முதிர்ச்சி, தேய்வு என்னும் படிகளைக் கடக்கின்றன. பயன் நிலைத்திருக்க, கருவி மறைவதே அவற்றின் இலக்கு என்பது இவர் கருத்து. தொலைபேசியருகே தனிக் கருவியாக இருந்த பதிலளிப்பான், பின்னர் தொலைபேசி வலையமைப்பின் சேவையாக மாறியது இதற்குச் சான்றாகும். இயந்திரங்களுக்காக வகுக்கப்பட்ட இவ்விதிகளைப் பிற்காலத்தில் மென்பொருள், சேவைத் துறைகளின் வருங்காலத்தைக் கணிக்கவும் பயன்படுத்தினர்.