பில்லில் இல்லாத உயிர்கள்: ஃபிலிப் ஹென்றி காஸ்



கடல்நீர்த் தொட்டி வைத்திருக்கும் வீடுகளில் ஒரு வேடிக்கை நடக்கும். கடையில் வாங்கி வந்தது நான்கு மீனும் இரண்டு கல்லும்தான். பில்லிலும் அவ்வளவுதான் இருக்கும். இரண்டு மூன்று மாதம் போனபின் ஒரு நாள் இரவு விளக்கை அணைத்துவிட்டு டார்ச் அடித்துப் பாருங்கள். கண்ணாடி ஓரத்தில் வெள்ளைப் புள்ளிகள் துள்ளித் துள்ளி ஓடும். கல் இடுக்கிலிருந்து ஒரு முள்மயிர்ப் புழு தலையை நீட்டும். குழாய் போன்ற கூட்டிலிருந்து சின்ன விசிறி ஒன்று விரியும். கல்லோடு முட்டையாகவும் குஞ்சாகவும் வந்து சேர்ந்த விருந்தாளிகள் இவை. பலர் பயந்துபோய் எல்லாவற்றையும் கொட்டிக் கழுவிவிடுகிறார்கள்.

கழுவுவதற்கு முன் ஒரு மனிதரைப் பற்றித் தெரிந்துகொள்ளுங்கள். வீட்டில் கடலை வளர்க்கலாம் என்று இங்கிலாந்து மக்களுக்குக் கற்றுக்கொடுத்தவர் அவர். என்னைப் போன்ற பழைய பேங்க் குமாஸ்தாவுக்கு அவர்மேல் கூடுதல் பாசம் உண்டு. காரணம், அவரும் ஒரு குமாஸ்தா!

ஃபிலிப் ஹென்றி காஸ் 1810-இல் இங்கிலாந்தின் வூஸ்டர் நகரில் பிறந்தார். அப்பா ஊர் ஊராகப் போய்ச் சின்னச் சின்ன உருவப்படங்கள் வரைந்து பிழைத்தவர். வசதியில்லாத குடும்பம். பூல் என்ற துறைமுக ஊரில் வளர்ந்தார். கடல் சாமந்தி போன்ற உயிர்களை அவருக்கு முதலில் காட்டிக்கொடுத்தவர் அவருடைய அத்தை. 17 வயதில், 1827-இல், கப்பலேறி நியூஃபவுண்ட்லாந்துக்குப் போய் ஒரு மீன் வியாபாரக் கம்பெனியில் கணக்கு எழுத உட்கார்ந்தார். பகலில் பேரேடு, ஓய்வு நேரத்தில் பூச்சிகள். 1832-இல் நுண்ணோக்கி பற்றிய ஒரு பழைய புத்தகத்தை வாங்கினார். வாழ்க்கையின் திசை அங்கே திரும்பியது.

அதற்குப் பிறகும் சுலபமாக எதுவும் அமையவில்லை. கனடாவில் விவசாயம் செய்தார், கைகொடுக்கவில்லை. அமெரிக்காவின் அலபாமாவில் பள்ளி ஆசிரியராக இருந்தார். 1839-இல் ஊர் திரும்பினார். பிறகு ஜமைக்காவில் பதினெட்டு மாதங்கள் தங்கி, 1847-இல் அத்தீவின் பறவைகளைப் பற்றி நூல் வெளியிட்டார். 1848-இல் எமிலி போவ்ஸ் என்ற எழுத்தாளரை மணந்தார். அடுத்த ஆண்டு மகன் எட்மண்ட் பிறந்தான்.

1852-இல் உடல்நலம் கெட்டு டெவன் கடற்கரைக்குப் போனார். அங்கே பாறைக் குட்டைகளிலிருந்து எடுத்த உயிர்களைக் கண்ணாடிச் சாடிகளில் வைத்து வளர்த்தார். அன்றைக்குப் பெரிய பிரச்சினை, இரண்டு மூன்று நாளில் தண்ணீர் கெட்டு எல்லாம் செத்துப்போகும் என்பதுதான். லண்டனில் அன்னா தின் என்ற பெண்மணி 1846 முதலே பவள உயிர்களை வீட்டில் வைத்திருந்தார். தண்ணீரைத் திரும்பத் திரும்ப ஊற்றிக் காற்றேற்றுவது அவர் வீட்டில் ஒரு தினசரி வேலை. ராபர்ட் வாரிங்டன் என்ற வேதியியல் அறிஞர், செடியும் உயிரும் சரியான அளவில் சேர்ந்திருந்தால் தண்ணீர் கெடாது என்று காட்டினார். செடி வெளிச்சத்தில் விடும் ஆக்சிஜன் உயிர்களுக்கு. உயிர்களின் கழிவு செடிக்கு. வரவும் செலவும் சரியாகிவிடும். காஸ் இதைக் கடற்பாசிகளோடு செய்து பார்த்து வெற்றி கண்டார்.

1853-இல் லண்டன் ரீஜண்ட்ஸ் பூங்காவின் மிருகக்காட்சிசாலையில் மீன் இல்லம் திறந்தபோது, அதற்கு உயிர்களைச் சேகரித்துக் கொடுத்தவர்களில் காஸும் ஒருவர். 1854-இல் அவருடைய அக்வேரியம் நூல் வந்தது. அந்தச் சொல்லை மக்கள் வாயில் பதிய வைத்தது அந்த நூல்தான். கடலுக்குத் தூரமாக இருப்பவர்களுக்காக, சாப்பாட்டு உப்பு, எப்சம் உப்பு, மெக்னீசியம் குளோரைடு, பொட்டாசியம் குளோரைடு என்று நான்கு உப்பைக் கலந்து கடல்நீர் தயாரிக்கும் முறையையும் வெளியிட்டார். இன்று கடையில் பாக்கெட்டில் விற்கும் கடல் உப்புக்கு அது ஒரு மூதாதை.

இனி, நான் சொல்ல வந்த விஷயம். அவர் தொட்டியில் சபெல்லா என்ற குழாய்ப் புழு ஒன்று இருந்தது. ஒரு நாள் அதன் குழாய் வாயைச் சுற்றிப் பொடிப்பொடியாக ஏதோ நிற்பதைக் கவனித்தார். லென்ஸை வைத்துப் பார்த்தால், ஒவ்வொன்றுக்கும் தலை போல ஒன்று, இரண்டு கைகள் போல இரண்டு உணர்கொம்புகள்! குட்டி மனிதர்கள் வரிசையாக நின்று குனிந்து நிமிர்ந்து ஆடுவது போன்ற காட்சி. ரோமானியர்களின் வீட்டுக் காவல் தெய்வத்துக்கு லார் என்று பெயர். அந்தப் பெயரையே இதற்கு வைத்தார்: லார் சபெல்லாரம். 1857-இல் லின்னியன் சங்க வெளியீட்டில் அது அச்சாயிற்று. கடலில் மிதக்கும் ஒரு சின்னஞ்சிறு ஜெல்லிமீனின் இளம்பருவம்தான் இது என்று பிற்காலத்தில் தெரிந்தது. அந்த ஜெல்லிமீனுக்கு 1846-லேயே வேறு பெயர் வைத்திருந்தார்கள். ஒரே உயிருக்கு இரண்டு கணக்கு!

1856-இல் அவர் ராயல் சொசைட்டி உறுப்பினரானார். கல்லூரி வாசல் மிதிக்காத குமாஸ்தாவுக்கு அது பெரிய மரியாதை. ஆனால் 1857 பிப்ரவரியில் மார்பகப் புற்றுநோயால் எமிலி இறந்தார். அதே ஆண்டு, பைபிளின் படைப்புக் கதையையும் பூமியின் பழமையையும் இணைக்கப் பார்த்து ஓம்ஃபலோஸ் என்ற நூலை எழுதினார். விஞ்ஞானிகளும் ஏற்கவில்லை, மதப்பற்றுள்ளவர்களும் ஏற்கவில்லை. எட்டு வயது மகனோடு டெவனுக்கே குடிபெயர்ந்து, மறுபடி குட்டைகளின் முன் குனிந்தார். 1860-இல் பிரிட்டிஷ் கடல் சாமந்திகளைப் பற்றிய அவருடைய பெரிய நூல் நிறைவடைந்தது.

அங்கேதான் அவருக்கு இன்னொரு துயரம் காத்திருந்தது. அவர் நூலைப் படித்த ஆயிரக்கணக்கானோர் கூடையும் உளியும் எடுத்துக்கொண்டு ரயிலேறிக் கடற்கரைக்கு வந்தார்கள். பாறைகளைப் பெயர்த்தார்கள், குட்டைகளைக் காலி செய்தார்கள். பல நூற்றாண்டாக யாரும் தொடாத பாறைக் குட்டைகள் சில வருடங்களில் வெறுமையாயின. தன் எழுத்தே இதற்குக் காரணம் என்று காஸ் மிகவும் வருந்தியதை, மகன் எட்மண்ட் 1907-இல் எழுதிய நூலில் பதிவு செய்திருக்கிறார். கண்ணால் காண முடியாத உயிரைக்கூட மதித்துப் பார்த்தவருக்கு எவ்வளவு வலித்திருக்கும், யோசித்துப் பாருங்கள்.

ஆனாலும் அவர் நுண்ணோக்கியை மூடி வைக்கவில்லை. 76 வயதில், 1886-இல், சக்கர உயிரிகள் எனப்படும் நுண்ணுயிர்களைப் பற்றி ஹட்சன் என்பவரோடு சேர்ந்து இரண்டு தொகுதிகள் வெளியிட்டார். 1888 ஆகஸ்டில் காலமானார்.

அவரிடமிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது இரண்டு. ஒன்று, கடலிலிருந்து கல்லோ பவளமோ எடுத்து வராதீர்கள். எடுத்து வந்து விற்பவர்களிடம் வாங்காதீர்கள். நம் நாட்டில் பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. மன்னார் வளைகுடாவில் மிச்சமிருக்கும் பாறைகள் அங்கேயே இருக்கட்டும். இரண்டு, தொட்டியில் பெயர் தெரியாத ஜீவன் ஒன்று தென்பட்டால் உடனே பிரஷ்ஷை எடுக்காதீர்கள். ஒரு பூதக்கண்ணாடி வாங்கி, பேரப்பிள்ளைகளைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, பத்து நிமிடம் பாருங்கள். கழுவுவதா வேண்டாமா என்பதைப் பிறகு முடிவு செய்யலாம்.