சிறகில் எழுதிய சான்று

பரிணாமக் கொள்கை என்றதும் டார்வின் நினைவுக்கு வருகிறார். சற்று விவரம் அறிந்தவர்கள் வாலஸின் பெயரையும் சேர்த்துக்கொள்வார்கள். அக்கொள்கைக்கு உயிருள்ள இயற்கையிலிருந்து வலுவான சான்றைக் கொண்டுவந்து கொடுத்த மூன்றாமவரை நாம் பெரும்பாலும் மறந்துவிட்டோம். அவர் ஹென்றி வால்டர் பேட்ஸ்.

1825-இல் இங்கிலாந்தின் லெஸ்டர் நகரில் பிறந்தார். தந்தை பின்னலாடைத் தொழில் செய்தவர். 13 வயதில் பள்ளிப்படிப்பு முடிந்தது. பின்னலாடைக் கிடங்கு ஒன்றில் பயிற்சியாளாகச் சேர்ந்த பேட்ஸுக்குக் காலை 7 மணி முதல் இரவு 8 மணி வரை வேலை. கிடங்கைப் பெருக்குவதும் அதில் அடக்கம். மாலை வகுப்புகளில் படித்தார். விடுமுறை கிடைத்தால் அருகிலிருந்த காட்டுக்குப் போய் வண்டு பிடித்தார். 18 வயதிலேயே வண்டுகளைப் பற்றிய அவரது குறிப்பு ஓர் இதழில் அச்சேறியது. லெஸ்டருக்கு ஆசிரியராக வந்த ஆல்ஃபிரட் ரஸல் வாலஸ் அவருக்கு நண்பரானார். இருவரிடமும் பணமில்லை. பட்டம் இல்லை. அமேசான் காட்டில் பூச்சிகளைச் சேகரித்து லண்டனில் விற்றுப் பயணச் செலவை ஈடுகட்டலாம் என்ற துணிச்சலான கணக்கு மட்டும் இருந்தது. 1848 ஏப்ரலில் கப்பல் ஏறினார்கள்.

வாலஸ் 4 ஆண்டுகளில் திரும்பினார். வழியில் கப்பல் தீப்பற்றியதால் அவருடைய சேகரிப்பின் பெரும்பகுதி கடலோடு போயிற்று. பேட்ஸ் தங்கிவிட்டார், ஓராண்டு ஈராண்டு அல்ல, 11 ஆண்டுகள். வாலஸின் தம்பி மஞ்சள் காய்ச்சலில் கிடந்தபோது அருகிலிருந்து பார்த்துக்கொண்டவர் அவர்தான். அந்த இளைஞர் பிழைக்கவில்லை, பேட்ஸையும் காய்ச்சல் பிடித்தது. ஆற்றின் மேற்பகுதியில் ஈகா என்ற சிற்றூரில் மட்டும் நாலரை ஆண்டுகள் வாழ்ந்தார். பணம் களவு போனதுண்டு. காலணி தேய்ந்துபோய் வெறுங்காலுடன் காட்டில் திரிந்ததுண்டு. ஊரிலிருந்து கடிதமோ பொட்டலமோ வராமல் ஓராண்டு முழுவதும் கழிந்ததும் உண்டு. பழைய இதழ் ஒன்று கையில் இருந்தால் அதன் விளம்பரங்கள் வரை திரும்பத் திரும்பப் படிப்பார். இத்தனைக்கும் அவருக்கு மிஞ்சிய வருவாய் ஏறத்தாழ 800 பவுன். சேகரித்ததோ 14,000-க்கும் மேற்பட்ட சிற்றினங்கள். அவற்றில் சுமார் 8,000 அறிவியலுக்குப் புதியவை.

எண்ணிக்கையை விட முக்கியமானது அவர் கண்ட ஒரு புதிர். காட்டில் பளிச்சென்ற நிறங்களுடன் மெதுவாக, கூட்டங்கூட்டமாகப் பறக்கும் வண்ணத்துப்பூச்சிகள் இருந்தன. எளிதில் அகப்படக்கூடிய அவற்றைப் பறவைகள் தொடவில்லை. சுவைக்கு ஒவ்வாத பொருள் அவற்றின் உடலில் இருக்க வேண்டும் என்று கருதினார். அந்தக் கூட்டங்களில் பிடித்தவற்றை வீட்டில் வைத்து உற்று நோக்கியபோது, ஒன்றிரண்டு வேற்றுக் குடும்பத்தைச் சேர்ந்தவையாக இருந்தன. வெள்ளை நிறப் பூச்சிகளின் உறவு. ஆனால் நிறத்தாலும் சிறகின் வடிவாலும் பறக்கும் விதத்தாலும் அப்படியே மற்றதன் நகல். பறக்கும்போது அவரது பழகிய கண்ணும் ஏமாந்தது. ஆயிரத்துக்கு ஒன்று என்ற அளவிலேயே நகல்கள் இருந்தன. அதுவும் பொருத்தமே: போலிகள் பெருகிவிட்டால் பறவைகள் ஏமாறுவதை நிறுத்திவிடும்.

அதைவிட அழுத்தமான சான்று வேறொன்று. ஆற்றோரம் இடத்துக்கு இடம் அசல் பூச்சியின் நிறக்கோலம் மாறியது. நகலும் அந்தந்த இடத்து அசலைப் போலவே மாறியது. தட்பவெப்பம் காரணமென்றால், அருகில் வாழும் மற்ற பூச்சிகளும் அப்படியே மாறியிருக்க வேண்டுமல்லவா? பிறக்கும் குஞ்சுகளில் அசலைச் சற்றே ஒத்தவை பறவையிடம் தப்பின, ஒவ்வாதவை இரையாயின. தலைமுறை தலைமுறையாக நடந்த இந்தக் கழிப்பே ஒப்புமையைத் தீட்டியது என்றார் பேட்ஸ். இன்று அது பேட்ஸ் போலித்தோற்றம் எனப்படுகிறது.

பாம்பு வேடமிட்ட புழு ஒன்றையும் அவர் கண்டார். இலைகளுக்கிடையிலிருந்து திடீரென நீண்ட பெரிய கம்பளிப்புழு அது. முன்பகுதியை உப்பச் செய்தால் இருபுறமும் கருவிழி போன்ற புள்ளிகள் தெரியும். அதை ஊருக்குள் எடுத்துச் சென்று காட்டியபோது பார்த்தவர்கள் எல்லாரும் மிரண்டனர். தேன்சிட்டைப் போன்ற ஓசனிச்சிட்டு என்று நினைத்து அந்துப்பூச்சியைச் சுட்டு வீழ்த்தியதையும் அவர் மறைக்கவில்லை. தாம் ஏமாந்ததைச் சான்றாகக் கொள்ளும் நேர்மை எல்லா அறிஞர்களுக்கும் வாய்ப்பதில்லை.

1861 நவம்பரில் லின்னேயன் சங்கத்தில் கட்டுரை வாசிக்கப்பட்டு, மறு ஆண்டு அச்சில் வந்தது. டார்வினின் நூல் வெளிவந்து இரண்டே ஆண்டுகள் ஆகியிருந்தன. எதிர்ப்பு கடுமையாக இருந்தது. டார்வின் மகிழ்ந்தார். பெயர் போடாமல் தாமே ஒரு மதிப்புரை எழுதினார். தமது நூலின் 1866-ஆம் ஆண்டுப் பதிப்பில் போலித்தோற்றத்தைச் சேர்த்தார். பேட்ஸைப் பயண நூல் எழுதத் தூண்டியவரும் அவரே. 1863-இல் வெளிவந்த அந்நூல் இன்றும் படிக்கப்படுகிறது.

ஆயினும் பூச்சிகளோடு வாழ்ந்தவருக்குப் பூச்சிகளோடு ஒரு வேலை கிடைக்கவில்லை. பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் விலங்கியல் பிரிவில் அவர் நாடிய பதவி, கவிதை எழுதும் இளைஞரான ஆர்தர் ஓஷாக்னஸிக்குப் போயிற்று. 1864-இல் ராயல் புவியியல் கழகத்தில் துணைச் செயலாளரானார். சாகும்வரை, அதாவது 1892 வரை, பிறருடைய பயணங்களை ஒழுங்குபடுத்தும் மேசை வேலையே அவருக்கு வாய்த்தது. வண்டுகளை ஆராய்வது ஓய்வு நேரத்துக்குத் தள்ளப்பட்டது. ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக ஏற்றது 1881-இல்தான்.

பறவைகள் உண்மையில் ஏமாறுகின்றனவா என்பதை அவரால் சோதனையால் நிறுவ முடியவில்லை. கூண்டுப் பறவைகளுக்குக் கசக்கும் பூச்சியை முதலில் கொடுத்து, பிறகு அதன் சாயலுள்ள பூச்சியைக் கொடுத்து, அவை மறுப்பதை உயிரியலாளர் ஜேன் பிரவர் காட்டியது 1958-இல்.

நம் வீட்டுக் கறிவேப்பிலைச் செடியிலும் இந்த நாடகம் நடக்கிறது. இலையில் பறவை எச்சம்போல் ஒட்டிக்கொண்டிருக்கும் சிறு புழு, வளர்ந்தபின் பச்சை நிறமும் கண்போன்ற புள்ளிகளும் கொள்கிறது. தொட்டால் தலைக்குப் பின்னிருந்து கவைபோன்ற உறுப்பை நீட்டி நாற்றம் வீசுகிறது. அதிலிருந்து வரும் கரிய வண்ணத்துப்பூச்சிகளில் பெண்கள் சில, சிவப்பு உடல்கொண்ட நச்சுப்பூச்சியின் சிறகுக் கோலத்தை அணிந்திருக்கும். அவற்றின் உடல் மட்டும் கறுப்பாகவே இருக்கும்.