பழவேற்காட்டு வணிகர் சின்னண்ணச் செட்டியார்

கும்மிடிப்பூண்டிக்குக் கிழக்கே, ஏரி கடலோடு கலக்கும் முகத்துவாரத்தை ஒட்டி அமைந்த ஊர் பழவேற்காடு. இன்று மீனவர் வாழும் அமைதியான சிற்றூராக விளங்கும் இது, பதினேழாம் நூற்றாண்டில் சோழமண்டலக் கரையின் தலைசிறந்த துறைமுகங்களுள் ஒன்றாகத் திகழ்ந்தது. மேற்கே சந்திரகிரியிலும் வேலூரிலும் விசயநகர அரசின் கடைசி மன்னர்கள் ஆண்டனர். வடக்கே கோல்கொண்டா சுல்தானின் படை வளர்ந்து வந்தது. தெற்கே மயிலாப்பூரில் போர்த்துகீசியர் இருந்தனர். இவ்வாறு பல அதிகாரங்களின் எல்லைகள் நெருங்கிய இடத்தில் வளர்ந்தது அச்சுதப்பச் செட்டியார், சின்னண்ணச் செட்டியார் என்னும் உடன்பிறந்தாரின் வணிகக் குடும்பம்.

இவர்கள் தெலுங்கு பேசும் பலிஜா மரபினர். மூத்தவராகிய அச்சுதப்பர், தேவனாம்பட்டினத்தில் டச்சுக்காரர்களுக்கு மொழிபெயர்ப்பாளராகவும் தரகராகவும் இருந்து தொழில் பயின்றார். டச்சுக்காரர் 1610இல் விசயநகர மன்னரின் இசைவு பெற்றுப் பழவேற்காட்டில் பண்டகசாலை நிறுவினர். 1612இல் போர்த்துகீசியர் அதனை அழித்தனர். அடுத்த ஆண்டே அங்கு கெல்டிரியாக் கோட்டை எழுந்தது. அச்சுதப்பரும் அவ்வூரில் நிலைபெற்று அவர்களுடைய தலைமை வணிகரானார்.

தலைமை வணிகரின் பொறுப்பு எளிதன்று. டச்சுக்காரர் தரும் முன்பணத்தைச் சிறு வணிகர் வழியாக நெசவாளர்க்குப் பகிர்ந்தளித்தல் வேண்டும். குறித்த காலத்தில் குறித்த தரத்தில் துணி வந்து சேரப் பொறுப்பேற்றல் வேண்டும். அத்துணிகள் கீழைத் தீவுகளுக்குச் சென்று கிராம்பும் சாதிக்காயும் மிளகுமாகத் திரும்பின. கடல் கடந்து வந்த அயலாருக்கு நெசவாளரைத் தெரியாது. நெசவாளர்க்கு அயலாரைத் தெரியாது. இடையில் நின்ற வணிகரின் வாக்கே இரு சாராருக்கும் பிணையாயிற்று. அச்சுதப்பர் தம் சொந்த மரக்கலங்களையும் பர்மாவுக்கும் மலாய்த் தீபகற்பத்துக்கும் அனுப்பினார்.

அத்துறைமுகத்தின் செல்வத்திற்கு ஓர் இருண்ட பக்கமும் உண்டு. பஞ்சக் காலங்களில் பசியால் விலைபோன ஏழை மக்கள் ஆயிரக்கணக்கில் அங்கிருந்து டச்சுக் கப்பல்களில் அடிமைகளாகப் பத்தாவியாவுக்குக் கொண்டு செல்லப்பட்டனர். துணி மூட்டைகள் ஏறிய அதே கரையிலேயே மனித உயிர்களும் ஏற்றப்பட்டன என்பதை மறைத்தல் ஆகாது.

1634இல் அச்சுதப்பர் மறைந்தார். அதன்பின் குடும்பத்திற்குள் உரிமைப் பூசல் மூண்டது. அதனைக் கடந்து தலையெடுத்தவர் இளையவர் சின்னண்ணர். ஐரோப்பியர் தம் ஆவணங்களில் அண்ணனைப் போலவே இவரையும் மலையா என்றே குறித்தனர். அவர் வணிகத்தோடு நிற்கவில்லை; கடற்கரை ஊர்களின் வரியைக் குத்தகை எடுத்தார், படையும் வைத்திருந்தார்.

1642இல் மூன்றாம் ஸ்ரீரங்கர் அரியணை ஏறினார். 1639இல் ஆங்கிலேயருக்குச் சென்னையில் இடமளித்த தாமர்ல வேங்கடப்ப நாயக்கர் மன்னரின் சினத்துக்கு ஆளானார். அவருடைய அதிகாரம் சின்னண்ணர் கைக்கு மாறியது. துணிக்கு விலை பேசிய வணிகர் நாட்டை ஆளும் தலைவரானார். அந்த உயர்வுக்கு விலையும் இருந்தது. 1645இல் மன்னருக்கும் டச்சுக்காரருக்கும் பகை மூண்டபோது, தம் குடும்பம் இத்தனை ஆண்டுகள் துணி வழங்கிய பழவேற்காட்டுக் கோட்டையையே முற்றுகையிடும் பொறுப்பு அவர்மேல் விழுந்தது. கோட்டை வீழவில்லை.

அதற்குள் கோல்கொண்டாவின் தளபதி மீர் ஜும்லா தெற்கு நோக்கி வந்துவிட்டார். மன்னர் நம்பி ஒப்படைத்திருந்த உதயகிரிக் கோட்டையைச் சின்னண்ணர் மீர் ஜும்லாவிடம் விட்டுக்கொடுத்தார் என்று அக்கால ஆங்கிலேயர் கடிதங்கள் குற்றம் சாட்டுகின்றன. சரிந்துவரும் அரசைக் காக்க இயலாத நிலையில் எடுத்த முடிவாகவும் அது இருக்கலாம். எனினும் மன்னரின் நம்பிக்கைக்கு அது பேரிடியாயிற்று. சின்னண்ணர் அதன்பின்னும் வணிகம் நடத்தி 1659இல் மறைந்தார்.

அண்ணன் இரு கரைகளையும் இணைக்கும் பாலமாக நின்றார்; தம்பி ஒரு கரையில் ஏறி நின்றார். பாலத்திற்கு இரு கரையாரும் வேண்டியவர். கரையில் நிற்பவரோ பகைவரையும் தேர்ந்தாக வேண்டும். ஈட்டும் பொருளுக்கு மட்டுமன்றி ஏற்கும் அதிகாரத்திற்கும் எல்லை வகுத்துக்கொள்ளுதல் வணிகர்க்கு நலம் என்பதை இவ்விருவர் வாழ்வும் ஒருங்கே உணர்த்துகிறது. மிகுபொருள் விரும்பாமையை விரதமாகப் போற்றும் இல்லறத்தார்க்கு இது புதிய செய்தியன்று. 1806இல் ஆங்கிலேயர் தகர்த்த கெல்டிரியாக் கோட்டையின் எச்சங்களும், பழைய டச்சுக் கல்லறைகளும் இன்றும் பழவேற்காட்டில் உள்ளன. பிள்ளைகளோடு ஒருநாள் சென்று காணத்தக்க இடம் அது.