நதானியேல் ஜார்விஸ் வையெத்

நதானியேல் ஜார்விஸ் வையெத் (ஜனவரி 29, 1802 - ஆகஸ்ட் 31, 1856) ஓர் அமெரிக்கக் கண்டுபிடிப்பாளரும் வணிகரும் நாடுகாண் பயணியும் ஆவார். உறைந்த ஏரிகளில் பனிக்கட்டியை நேர்கோட்டில் வெட்டுவதற்காக, குதிரையால் இழுக்கப்படும் இரட்டை இரும்புத் தகட்டுக் கருவியை 1825 இல் உருவாக்கியவர் இவரே. அக்கருவி பனிக்கலப்பை எனப்பட்டது. அமெரிக்க ஏரிகளின் பனிக்கட்டி கொல்கத்தா, சென்னை, மும்பை ஆகிய நகரங்களுக்குக் கப்பலில் வந்து சேர்ந்ததற்கு இக்கருவியே அடிப்படையாக அமைந்தது. எனினும் அமெரிக்க வரலாற்று நூல்களில் வையெத் பெரும்பாலும் ஓரிகன் பகுதிக்கு இரு பயணங்களை மேற்கொண்டு வணிகத்தில் தோல்வியுற்றவராகவே அறியப்படுகிறார்.

இளமைக்காலம்

வையெத் ஐக்கிய அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் மாநிலத்திலுள்ள கேம்பிரிட்ஜ் நகரில் பிறந்தார். தந்தை ஜேக்கப் வையெத், ஊருக்கு அருகிலிருந்த ஃபிரெஷ் பாண்ட் என்னும் ஏரியின் கரையில் விடுதி ஒன்றை நடத்தி வந்தார். தந்தை ஹார்வர்டில் கல்வி பயின்றவர். மகனோ கல்லூரிக்குச் செல்லாமல் இளமையிலேயே தொழிலில் இறங்கினார். 1824 இல் தம் உறவினரான எலிசபெத் ஜார்விஸ் ஸ்டோனை மணந்தார்.

ஃபிரெஷ் பாண்ட் ஏரி குளிர்காலத்தில் கடினமாக உறைந்துவிடும். அந்தப் பனிக்கட்டியை வெட்டிச் சேமித்துக் கோடையில் விற்பது அக்கரையில் வாழ்ந்தோரின் தொழில்களுள் ஒன்றாக இருந்தது. பாஸ்டன் வணிகரான ஃபிரெடரிக் டியூடர் (1783 - 1864) பனிக்கட்டியைக் கப்பலேற்றி வெப்ப நாடுகளுக்கு அனுப்பும் முயற்சியை 1806 இல் மார்ட்டினிக் தீவிலிருந்து தொடங்கியிருந்தார். தொடக்கத்தில் பெரும் இழப்புகளைச் சந்தித்த டியூடர், கடனுக்காகச் சிறையும் சென்றவர். 1820களில் அவருக்குப் பனிக்கட்டி வெட்டித் தரும் பொறுப்பை வையெத் ஏற்றார்.

பழைய வெட்டு முறை

வையெத்தின் காலத்துக்கு முன்பு பனிக்கட்டி கோடரியாலும் கைவாளாலும் வெட்டப்பட்டது. இம்முறையில் இரண்டு குறைகள் இருந்தன. ஒன்று, வேலை மிக மெதுவாக நடந்ததால் ஆட்கூலி அதிகமாயிற்று. ஏரியின் பனி தகுந்த கனத்தில் இருப்பது சில வாரங்களே என்பதால் இந்தத் தாமதம் தொழிலையே முடக்கக்கூடியது. மற்றொன்று, வெட்டிய பாளங்கள் ஒழுங்கற்ற வடிவில் இருந்தன. அவற்றைக் கப்பலின் அடித்தளத்தில் அடுக்கும்போது இடையிடையே வெற்றிடம் விழுந்தது. அவ்விடைவெளிகளில் காற்று புகுந்து பனிக்கட்டியைக் கரைத்தது. நான்கு மாதக் கடற்பயணத்தில் பாளத்தின் வடிவமே இலாப நட்டத்தைத் தீர்மானிப்பதாக இருந்தது.

பனிக்கலப்பை

பனியின்மீது நகரும் எந்த இரும்பும் பக்கவாட்டில் வழுக்கும். பனிச்சறுக்குக் காலணியை வடிவமைப்போர் எதிர்கொள்ளும் அடிப்படைச் சிக்கலும் இதுவே. காலணித் தகட்டின் அடிப்பகுதியைச் சற்றுக் குழிவாகத் தேய்த்தால் அதன் இருபுறமும் கூரிய விளிம்புகள் உண்டாகும். உடல் எடை ஒரு விளிம்பின்மீது விழும்போது அது பனியில் பதிந்து, சறுக்குபவர் பக்கவாட்டில் நழுவாமல் காக்கிறது. குதிரை இழுக்கும் கனமான வெட்டுக் கருவியில் இத்தகைய பிடிப்பு மட்டும் போதாது. ஒவ்வொரு வெட்டும் முந்தைய வெட்டுக்கு இணையாகவும் சமதூரத்திலும் அமைய வேண்டும்.

வையெத் கண்ட தீர்வு எளிமையானது. அவர் இரண்டு இரும்புத் தகடுகளை இணையாகப் பொருத்தி ஒரு சட்டத்தை அமைத்தார். தகடுகளின் அடியில் வாளின் பற்களைப் போன்ற பற்கள் இருந்தன. குதிரை சட்டத்தை முதன்முறை இழுத்துச் செல்லும்போது பனியில் இரண்டு சால்கள் விழும். திரும்பி வரும்போது ஒரு தகட்டை ஏற்கெனவே விழுந்த சாலில் இறக்கி ஓட்டுவார்கள். அச்சாலே வழிகாட்டியாகி, மற்றத் தகடு அதே இடைவெளியில் புதிய சாலை வெட்டும். ஓட்டுபவரின் கைத்திறனை நம்பியிராமல், முன்பு விழுந்த சாலே கருவியை நிலைநிறுத்தியது. வயலில் உழுபவர் முந்தைய சாலை ஒட்டியே அடுத்த சாலை ஓட்டுவதை இதற்கு ஒப்பிடலாம்.

ஏரியின் ஒரு திசையில் இவ்வாறு கோடுகள் வெட்டி முடிந்ததும், அவற்றுக்குச் செங்குத்தாக மறுதிசையில் கருவி ஓட்டப்பட்டது. ஏரி முழுவதும் சதுரங்கப் பலகை போலக் கட்டங்கள் உருவாயின. ஒவ்வொரு கட்டமும் ஏறத்தாழ அரை மீட்டர் அகலம் கொண்டிருந்தது. பின்னர் ஆழமாக வெட்டும் கலப்பையால் சால்களை ஆழப்படுத்தினர். இறுதியில் வாளாலும் கடப்பாரையாலும் பாளங்களைப் பிரித்தெடுத்து, பனியில் வெட்டிய நீர்க்கால் வழியே மிதக்கவிட்டுக் கரைக்குக் கொண்டுவந்தனர். பனியின்மேல் கருவியை இழுக்கும் குதிரை வழுக்கி விழாமலிருக்க, அதன் இலாடங்களில் கூர்முனைகள் பொருத்தப்பட்டன.

இக்கருவிக்கு வையெத் 1829 இல் காப்புரிமை பெற்றார். ஒரு டன் பனிக்கட்டியை வெட்டி எடுக்கும் செலவு சுமார் 30 சென்ட்டிலிருந்து 10 சென்ட்டாகக் குறைந்தது என்று பனிக்கட்டி வணிக வரலாறுகள் குறிப்பிடுகின்றன. பாளங்கள் யாவும் ஒரே அளவில் இருந்ததால் செங்கற்களைப் போல இடைவெளியின்றி அடுக்க முடிந்தது. பாளங்களைச் சுற்றி மரத்தூள் இட்டுக் காற்றுப் புகாமல் மூடினர். இரட்டைச் சுவர் கொண்ட பனிக்கட்டிக் கிடங்குகளையும், பாளங்களைத் தூக்கி அடுக்கும் கருவிகளையும் வையெத் மேம்படுத்தினார்.

ஓரிகன் பயணங்கள்

தொழிலில் நல்ல நிலையிலிருந்த வையெத், பாஸ்டன் ஆசிரியரான ஹால் ஜாக்சன் கெல்லியின் எழுத்துகளால் ஈர்க்கப்பட்டார். அமைதிப் பெருங்கடல் கரையிலுள்ள ஓரிகன் பகுதியில் அமெரிக்கர்கள் குடியேற வேண்டும் என்பது கெல்லியின் பரப்புரை. அங்கு விலங்குத்தோல் வணிகமும் சால்மன் மீன் வணிகமும் செய்யலாம் என்று வையெத் திட்டமிட்டார்.

1832 இல் சிறு குழுவொன்றைத் திரட்டிக்கொண்டு மேற்கே புறப்பட்டார். தரையில் வண்டியாகவும் ஆற்றில் படகாகவும் பயன்படும் ஊர்திகளை அவரே வடிவமைத்திருந்தார். ஆனால் அவை நெடும்பயணத்துக்கு ஏற்றவையாக இல்லாததால் செயின்ட் லூயிஸ் நகரிலேயே கைவிடப்பட்டன. ராக்கி மலைப்பகுதியில் பியர்ஸ் ஹோல் என்னுமிடத்தில் தோல் வணிகர்களுக்கும் பழங்குடியினருக்கும் இடையே மோதல் மூண்டது. இதையடுத்து, பயணத்தின் துன்பங்களால் சலிப்புற்றிருந்த குழுவினருள் பலர் திரும்பிச் சென்றனர். அவ்வாறு திரும்பியவர்களுள் ஒருவரான அவருடைய உறவினர் ஜான் வையெத், பயணத்தைக் கடுமையாகக் குறைகூறும் நூலொன்றை 1833 இல் வெளியிட்டார்.

எஞ்சிய சிலருடன் வையெத் 1832 அக்டோபர் இறுதியில் ஃபோர்ட் வான்கூவர் கோட்டையை அடைந்தார். அங்கு ஹட்சன் பே நிறுவனத்தின் தலைமை அலுவலர் ஜான் மெக்லொக்லின் அவரை அன்புடன் வரவேற்றார். ஆயினும் வையெத்தின் சரக்குகளை ஏற்றி வரவேண்டிய சுல்தானா என்னும் கப்பல் கடலில் அழிந்துபோனதால் வணிகம் தொடங்கவே இல்லை. 1833 இறுதியில் அவர் ஊர் திரும்பினார்.

1834 இல் இரண்டாம் பயணத்தை மேற்கொண்டார். தாவரவியலாளர் தாமஸ் நட்டால், பறவையியலாளர் ஜான் கிர்க் டவுன்சென்ட் ஆகியோரும் உடன் சென்றனர். ராக்கி மலைத் தோல் நிறுவனம் தான் தருவிக்கச் சொன்ன சரக்கை ஏற்க மறுத்துவிட்டது. தேங்கிய சரக்கை விற்பதற்காக வையெத் ஸ்நேக் ஆற்றங்கரையில் ஃபோர்ட் ஹால் என்னும் கோட்டையைக் கட்டினார். இது இன்றைய ஐடஹோ மாநிலத்தில் உள்ளது. அவருடைய மே டேக்கர் என்னும் கப்பல் மின்னல் தாக்கிப் பழுதடைந்து தாமதமாக வந்ததால் அவ்வாண்டின் சால்மன் பருவம் கைநழுவியது. ஹட்சன் பே நிறுவனத்தின் போட்டியையும் தாங்க இயலவில்லை. 1836 இல் வையெத் கேம்பிரிட்ஜுக்குத் திரும்பினார். ஃபோர்ட் ஹால் கோட்டை 1837 இல் அப்போட்டி நிறுவனத்திற்கே விற்கப்பட்டது. பிற்காலத்தில் ஓரிகனுக்குக் குடிபெயர்ந்தோருக்கு அக்கோட்டை முக்கியமான தங்குமிடமாயிற்று.

மீண்டும் பனிக்கட்டித் தொழில்

ஊர் திரும்பிய வையெத், டியூடரிடம் மீண்டும் பணியாற்றினார். 1840 அளவில் அவரிடமிருந்து பிரிந்து சொந்தமாகப் பனிக்கட்டி வணிகம் நடத்தினார். அப்போது ஃபிரெஷ் பாண்ட் ஏரியில் பலரும் பனிக்கட்டி வெட்டியதால் எல்லைப் பூசல்கள் எழுந்தன. 1841 இல் ஹார்வர்டு சட்டப் பேராசிரியர் சைமன் கிரீன்லீஃப், ஒவ்வொருவருக்கும் உரிய கரையின் நீளத்துக்கேற்ப ஏரியின் பரப்பைப் பங்கிட்டார். உறைந்த நீர்ப்பரப்பு நிலத்தைப் போல அளந்து பங்கிடப்படும் அளவுக்கு மதிப்புப் பெற்றிருந்ததை இது காட்டுகிறது. அதே ஆண்டில் ஏரிக்கரையிலிருந்து சார்ல்ஸ்டவுன் கப்பல்துறை வரை இருப்புப்பாதையும் அமைக்கப்பட்டது.

இந்தியாவுடனும் சென்னையுடனும் தொடர்பு

1833 மே மாதம் டஸ்கனி என்னும் கப்பல் 180 டன் பனிக்கட்டியுடன் பாஸ்டனிலிருந்து புறப்பட்டு, செப்டம்பரில் கொல்கத்தாவை அடைந்தது. நிலநடுக்கோட்டை இருமுறை கடந்த பின்னரும் சுமார் 100 டன் பனிக்கட்டி கரையாமல் எஞ்சியிருந்தது. இவ்வணிகத்தின் இலாபம் டியூடரின் கடன்களை அடைக்க உதவியது. இக்கப்பல் கொல்கத்தாவை அடைந்தபோது வையெத் ஓரிகனிலிருந்து ஊர் திரும்பும் வழியில் இருந்தார்.

சென்னையில் பனிக்கட்டியைச் சேமிக்க 1842 இல் திருவல்லிக்கேணிக் கடற்கரையில் கிடங்கு ஒன்று கட்டப்பட்டது. இதுவே ஐஸ் ஹவுஸ் எனப் பெயர்பெற்றது. அக்காலத்தில் சென்னையில் செயற்கைத் துறைமுகம் இல்லை. கப்பல்கள் கரைக்கு அப்பால் நங்கூரமிட, சரக்குகள் மசூலா படகுகளில் அலைகளைத் தாண்டிக் கரைசேர்க்கப்பட்டன. இறக்கும்போது ஏற்படும் ஒவ்வொரு தாமதமும் பனிக்கட்டியைக் கரைக்கும் என்பதால், எளிதில் எடுத்து அடுக்கத்தக்க ஒரே அளவுப் பாளங்கள் இங்கும் பயன்பட்டன. ஐரோப்பியக் குடும்பங்களும் வசதி படைத்தோரும் பனிக்கட்டியை வாங்கினர். காய்ச்சலைத் தணிக்க மருத்துவர்களும் அதைப் பயன்படுத்தினர்.

1846 - 1847 குளிர்காலத்தில் டியூடரின் ஆட்கள் வால்டன் ஏரியில் பனிக்கட்டி வெட்டியதை எழுத்தாளர் ஹென்றி டேவிட் தோரோ நேரில் கண்டார். 1854 இல் வெளியான வால்டன் என்னும் தம் நூலில், அந்த ஏரி நீரைச் சென்னை மக்களும் அருந்துவர் என்ற கருத்தைக் குறிப்பிட்டுள்ளார்.

1870களில் நீராவி இயந்திரத்தால் பனிக்கட்டி செய்யும் முறை இந்திய நகரங்களில் பரவியதும் கப்பல்வழிப் பனிக்கட்டி வணிகம் நலிந்தது. ஐஸ் ஹவுஸ் கட்டடத்தைப் பின்னர் வழக்கறிஞர் பிலிகிரி ஐயங்கார் வாங்கினார். 1897 பிப்ரவரியில் சுவாமி விவேகானந்தர் அங்குத் தங்கினார். 1963 இல் அக்கட்டடத்துக்கு விவேகானந்தர் இல்லம் எனப் பெயரிடப்பட்டது. இன்று வடசென்னையில் இராயபுரத்தை அடுத்த காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் மீனைக் கெடாமல் காப்பது தொழிற்சாலைப் பனிக்கட்டியே. நீரை அச்சுப்பெட்டிகளில் உறையவைத்து ஒரே அளவுப் பாளங்களாக எடுப்பதால் அங்கு வெட்டும் கலப்பைக்குத் தேவையில்லை.

மறைவும் மதிப்பீடும்

வையெத் 1856 ஆகஸ்ட் 31 அன்று கேம்பிரிட்ஜில் தமது 54 ஆம் வயதில் காலமானார். பனிக்கட்டி வணிகத்தில் புகழ்பெற்று, பனிக்கட்டி மன்னர் என அழைக்கப்பட்டவர் டியூடரே. ஆயினும் அத்தொழிலில் பயன்பட்ட கருவிகளுள் பெரும்பாலானவை வையெத்தின் சிந்தையில் உதித்தவை என்று அவர் மறைந்த பின் மதிப்பிடப்பட்டது. பனிக்கலப்பை இல்லாமல் டியூடரால் கப்பல்களை நிரப்பும் அளவுக்குக் குறைந்த செலவில் பனிக்கட்டி பெற்றிருக்க முடியாது.

வையெத் தம் முதற்பயணத்தில் சேகரித்த தாவரங்களை ஆராய்ந்த நட்டால், சூரியகாந்திக் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு பேரினத்துக்கு 1834 இல் வையெத்தியா என்று பெயரிட்டார். மேற்கு அமெரிக்க மலைச்சரிவுகளில் மஞ்சள் நிறப் பூக்களுடன் வளரும் செடிகள் இப்பேரினத்தில் உள்ளன. அவர் கட்டிய கோட்டையின் பெயர் ஐடஹோவில் சோசோனி, பானக் பழங்குடியினரின் ஒதுக்கீட்டு நிலப்பகுதிக்கு வழங்கிவருகிறது. முன்பு அவர் பனிக்கட்டி வெட்டிய ஃபிரெஷ் பாண்ட் ஏரி இப்போது கேம்பிரிட்ஜ் நகரின் குடிநீர்த் தேக்கமாக உள்ளது.