இடக்கையால் வரைந்த கால்வாய்

ஜப்பானியப் பேரரசர் 1869ஆம் ஆண்டு டோக்கியோவில் குடியேறினார். ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக அரசிருக்கையாக விளங்கிய கியோட்டோ களையிழந்தது. நெசவுத்தொழில் நலிந்தது, மக்கள் பிழைப்புத் தேடி வெளியேறினர். மலைக்கு அப்பால் கடலெனப் பரந்து கிடந்த பிவா ஏரியின் நீரைக் கொணர்ந்தால் நகரம் மீளும் என ஆளுநர் கித்தகாக்கி குனிமிச்சி நம்பினார். அப்பெரும்பணிக்கு அவர் தேர்ந்தெடுத்த பொறியாளரோ இருபத்தோரு அகவையே நிரம்பிய இளைஞர்!

அவர் தனபே சகுரோ. 1861ஆம் ஆண்டு பிறந்து, குழந்தைப் பருவத்திலேயே தந்தையை இழந்தவர். டோக்கியோவில் அவர் பயின்ற பொறியியல் கல்லூரியின் பாடத்திட்டத்தை வகுத்தவர் ஸ்காட்லாந்து நாட்டு அறிஞர் ஹென்றி டையர். ஆறாண்டுப் படிப்பில் இறுதி ஈராண்டுகள் களப்பயிற்சிக்கே உரியன. பொறியியலைக் கரும்பலகையில் மட்டுமே கற்றுவிட இயலாது என்பதை அக்கல்லூரி அன்றே உணர்ந்திருந்தது.

தனபே தம் ஆய்வேட்டுக்குப் பிவா கால்வாயையே பொருளாகக் கொண்டார். கியோட்டோவுக்குச் சென்று மலையையும் சமவெளியையும் அளந்தார். அக்காலத்தில் வலக்கையில் காயமுற்றார். ஆயினும் பணியை நிறுத்தவில்லை. வரைபடங்களையும் ஆங்கில ஆய்வேட்டையும் இடக்கையாலேயே முடித்தார். 1883ஆம் ஆண்டு பட்டம் பெற்றதும், தாம் தாளில் வரைந்ததை நிலத்தில் அகழும் பொறுப்பு அவரிடமே வந்தது.

1885ஆம் ஆண்டு பணி தொடங்கியது. அயல்நாட்டுப் பொறியாளர் எவரும் அமர்த்தப்படவில்லை. மிக நீண்ட சுரங்கம் ஏறத்தாழ 2.4 கிலோமீட்டர். இரு முனைகளிலிருந்து மட்டும் குடைந்தால் காலம் நீளும். எனவே இடையில் கிணறுபோல் செங்குத்தாகத் தோண்டி, அதன் அடியிலிருந்தும் இருபுறமும் குடைந்தனர். ஜப்பானில் அம்முறை புதிது. ஊற்றுநீர் ஓயாது பெருகித் துன்புறுத்தியது. தேர்ச்சி பெற்ற பணியாளர் இல்லாமையால், தனபே இரவில் அவர்களுக்குப் பாடம் நடத்தினார். இரவில் கற்றதை அவர்கள் பகலில் செய்தனர். மாணவப் பருவம் நீங்கிய சூட்டோடு ஆசிரியரானவர் அவர்.

ஆய்வேட்டில் நீர்ச்சக்கரங்களே இடம்பெற்றிருந்தன. 1888ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஆஸ்பென் நகரில் நீர்மின் நிலையத்தைக் கண்டு திட்டத்தை மாற்றினார். தம் கருத்தினும் சிறந்த ஒன்றைக் கண்டவுடன் ஏற்கும் துணிவு எளிதன்று. 1890ஆம் ஆண்டு கால்வாய் நிறைவுற்றது. மறு ஆண்டே கேஆகே மின்நிலையம் இயங்கியது. 1895ஆம் ஆண்டு கியோட்டோவில் டிராம் வண்டிகள் மின்னாற்றலால் ஓடின.

பின்னர்ப் பேராசிரியராகவும் விளங்கிய தனபே, 1944ஆம் ஆண்டு மறைந்தார். கால்வாய்ப் பணியில் பதினெழுவர் உயிர் நீத்திருந்தனர். அவர்களுக்காக அவர் தம் சொந்தப் பொருளில் 1902ஆம் ஆண்டு எழுப்பிய நினைவுக்கல், கேஆகேயில் இன்றும் நிற்கிறது.